தேரன்று எண்ணிய தலைகள்

சென்ற வியாழக்கிழமை சாயங்காலம், ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், பாதி ஊர் கூடியிருந்த கூட்டத்தில் எழுந்து நின்று, ‘நான் கையெழுத்துப் போட்ட கணக்கு தப்பு’ என்று சொன்னேன்.

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் ஊர்ப் பேச்சு ஆரம்பித்தது. ஒரு வாரம் ஆகப் போகிறது... இன்னும் முழுசாக நிற்கவில்லை.

வாரா வாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் நான். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பவர்களை விட்டதில்லை. கல்யாணப் பந்தியில் பாதிச் சாப்பாட்டோடு இலையை மூடி வைத்துவிட்டு எழுந்து போகிறவர்களை விட்டதில்லை. இந்த வாரம் என்னை மட்டும் எப்படி விடுவது?

விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு ஒரே மகள். பெயர் கோதை. பத்தாம் வகுப்பு. ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிநேகிதி வீட்டு மாந்தோப்புக்குப் போகிறேன் என்று கிளம்பினாள். அய்யனார் கோவில் போகிற வழியில் இருக்கிறது அந்தத் தோப்பு. அங்கே ஒரு கிணறு. நான்கு பெண்களும் படியில் இறங்கிக் கால் நனைத்திருக்கிறார்கள். படியெல்லாம் பாசி. கோதை வழுக்கி உள்ளே விழுந்துவிட்டாள்.

மோட்டார் போட வந்த ஆள் சத்தம் கேட்டு ஓடிவந்து குதித்திருக்கிறார். அவர் பீடி பற்ற வைக்க ஒரு நிமிஷம் நின்றிருந்தால்... வேண்டாம். அந்த வாக்கியத்தை நான் இதுவரை முடித்ததே இல்லை.

ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். யாருடைய சேலையையோ சுற்றியிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். ‘ஒண்ணும் இல்லம்மா, பயந்திருக்கா. அம்புட்டுதான்’ என்றார் டாக்டர்.

பயந்தது அவள் மட்டுமா?

அன்றிலிருந்து அவள் குளிக்கப் போனால் நான் பாத்ரூம் கதவுக்கு வெளியே நிற்கிறேன். தண்ணீர் மொள்ளும் சத்தம் கொஞ்சம் நின்றாலும் கதவைத் தட்டுகிறேன். ‘சோப்பு போடுதேன்மா’ என்று உள்ளேயிருந்து அலுத்த குரல் வரும். பக்கெட் தண்ணீரில் யாராவது மூழ்குவார்களா? மாட்டார்கள். தெரியும். தெரிந்தும் தட்டுகிறேன்.

இந்த நேரத்தில்தான் அந்தத் திட்டம் வந்தது.

எங்கள் ஊருக்கு நடுவே ஒரு பூங்கா இருக்கிறது. பூங்கா என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பாதி வேலி, ஏழெட்டு வேப்பமரம், ஒரு குழாய். ஊஞ்சலுக்குச் சங்கிலி உண்டு, பலகை கிடையாது. ஊரில் வசதியுள்ளவர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் மன்றம் ஒன்று நகராட்சிக்கு ஒரு யோசனை சொன்னது. பூங்கா நிலத்தை எங்களிடம் கொடுங்கள். நீச்சல் குளம், ஷட்டில் கோர்ட், டேபிள் டென்னிஸ் ஹால், படிப்பறை எல்லாம் கட்டுகிறோம். வாரத்தில் இரண்டு சாயங்காலம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவசம். பதிலுக்கு, ஊருக்கு வெளியே கண்மாய்ப் பக்கம் அதே அளவு நிலம் தருகிறோம். புதுப் பூங்காவை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவுடன் ஊர் இரண்டாகிவிட்டது. டீக்கடையில், சலூனில், பஸ்ஸில் — எங்கே போனாலும் இதே பேச்சுதான்.

‘கம்மாக்கரையில பார்க்கு வச்சா ஆடுதான் வாக்கிங் போகும்.’

‘இப்ப மட்டும் யாரு போறா? சீட்டு வெளையாடுதவன்தான் போறான்.’

இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. ஆனால் என் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான். நீச்சல் குளம். சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பார். கையெட்டும் தூரத்தில் ரப்பர் வளையம் இருக்கும். அடி தெரியும். பாசி இருக்காது. என் பெண் ஒரு முறை நீந்தக் கற்றுக்கொண்டுவிட்டால், பிறகு உலகத்தில் எத்தனை கிணறு இருந்தால் என்ன?

எங்கள் தெருக்காரர் சங்கம் திட்டத்துக்கு ஆதரவு. செயலாளர் ஒரு பேங்க் அதிகாரி. கெட்டவர் இல்லை, மூன்று பையன்களின் அப்பா. அவர்தான் சொன்னார்.

‘பார்க்குக்கு ஆளு வாரதில்லன்னு வாயால சொன்னா எடுபடாதும்மா. ஒரு நாள் பூரா உக்காந்து தலைய எண்ணிக் குடுத்துருவோம். பொறவு யாரும் பேச முடியாது.’

யார் எண்ணுவது? சங்கத்தில் எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். நானோ காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறி, அங்கே அரசு அலுவலகத்தில் ஃபைல்களோடு மல்லுக்கட்டிவிட்டு, ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவள். ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டில் ஒரு வாரத்து அழுக்குத்துணி காத்திருக்கும். செயலாளர் டைரியைப் புரட்டினார்.

‘வாரக் கடைசிக்கு முன்னால ஒரு லீவு வருது. நம்ம எல்லாருக்கும் தோதா இருக்கும்.’

அந்த லீவு ஆடிப்பூரம்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர். லீவு விடுவதே அதற்காகத்தான். அன்றைக்கு ராஜபாளையத்தில் கிளம்புகிற பஸ்ஸெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போவார்கள். வடத்தை ஒரு தடவையாவது தொட்டுவிட்டு, பால்கோவா வாங்கிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து வீடு திரும்புவார்கள். ஆலைகளில்கூட அன்றைக்கு ஆள் கிடைக்காது.

விடிகாலையில் நான் நோட்டும் பென்சிலுமாகக் கிளம்பியபோது, காபி ஆற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கேட்டார்.

‘இன்னைக்குப் போயா எண்ணப் போற? எண்ணுததுக்கு ஊர்ல ஆளு இருக்கணுமே.’

‘வாரவுக வருவாக. நீங்க ஒங்க சோலியப் பாருங்க.’

அவர் தன் சோலியைப் பார்க்கப் போய்விட்டார். இருபது வருஷமாக நான் சொன்ன எதையுமே கேட்காத மனிதர் — அன்றைக்குப் பார்த்துக் கேட்டார்.

காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை, சங்கத்தார் மூன்று பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். வெளியே ஸ்பெஷல் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. உள்ளே காக்கை இருந்தது. ஒரு பெரியவர் துண்டை விரித்துத் தூங்கினார். தூங்குகிறவரைக் கணக்கில் சேர்க்கலாமா என்று எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. கடைசியில் பெரிய மனது பண்ணிச் சேர்த்தோம். மொத்தம் பதினான்கு தலை. அதில் எண்ண வந்த நாங்கள் மூன்று பேர்.

அறிக்கையில் தேதி எழுதும் இடத்தில் செயலாளர் ‘ஆடி மாதம்’ என்று மட்டும் எழுதினார். நான் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இருக்கிறதே, அது தெரியாமல் விட்டது இல்லை.

பிறகு ஒரு நாள், எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவர் இறந்துபோனதால் மத்தியானமே விட்டுவிட்டார்கள். துக்கம் கேட்டுவிட்டு பஸ் ஏறி, நாலே கால் மணிக்கு ராஜபாளையத்தில் இறங்கி, பூங்கா வழியாக நடந்தேன். வேலை நாளில் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் நான் போனதே இல்லை.

வேலிக்கு வெளியே நின்றுவிட்டேன்.

உள்ளே உட்கார இடமில்லை. பஞ்சாலையில் முதல் ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள். மர நிழல் எங்கும் சேலைகள், தூக்குவாளிகள். தலையெல்லாம் பஞ்சு, புருவத்தில்கூடப் பஞ்சு. ஒருத்தி தலையை இன்னொருத்தி முந்தானையால் தட்டிக்கொண்டிருந்தாள். குழாயடியில் வரிசை. மூக்கைச் சிந்தி, முகத்தைக் கழுவி, வாயைக் கொப்பளித்து... நான் வேடிக்கை பார்ப்பதைப் பார்த்து ஒருத்தி கூப்பிட்டாள்.

‘யாரத் தேடுதீக? வந்து ஒக்காருங்க, வெயிலு கெடக்கு.’

உட்கார்ந்தேன். பெயர் முத்துலட்சுமி என்றாள். முகவூர்ப் பக்கம். ஷிப்ட் விட்டால் அவள் ஊருக்கு ஒரு மணி நேரம் பஸ் கிடையாதாம்.

‘தெனமும் இங்கதானா?’

‘பொறவு? இந்தப் பஞ்சோட அப்படியே போயி கைப்புள்ளையத் தூக்க முடியுமா? இருமல் கண்டுரும். இங்கன ஒக்காந்து எல்லாத்தையும் தட்டிட்டு, நாலு பேச்சு பேசிட்டுப் போனாத்தான் மனுசி மாதிரி இருக்கும். வீட்டுக்குள்ள நொழஞ்சிட்டா ஒக்கார முடியுமா?’

பக்கத்திலிருந்த பெண் சொன்னாள்: ‘இதையும் எடுத்துக்கிடப் போறாகளாம்லா. இங்க ஆளே வாரதில்லன்னு எழுதிக் குடுத்துட்டாகளாம்.’

‘எந்தக் கண்ணவிஞ்ச மூதி எண்ணுச்சோ’ என்றாள் முத்துலட்சுமி. சொல்லிவிட்டு, என் தோளில் ஒட்டியிருந்த பஞ்சை மரியாதையாக எடுத்துவிட்டாள்.

அந்த மூதி அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த சிரிப்பு. ஆனி மாதத்துக்குப் பிறகு என் வீட்டில் கேட்காத சிரிப்பு. பலகையில்லாத ஊஞ்சல் கம்பத்துக்கு அந்தப் பக்கம், இரண்டு சிநேகிதிகளோடு, புத்தகப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு என் மகள் புல்லில் படுத்திருந்தாள்.

பள்ளிக்கூடம் விட்டு ட்யூஷன் ஆரம்பிக்கும்வரை அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். சிநேகிதி வீட்டில். அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

திட்டவில்லை. ட்யூஷன் வரைக்கும் கூடவே நடந்தேன்.

‘ஏட்டி, எங்கிட்ட ஏன் சொல்லல?’

‘சொன்னா விடுவியாம்மா?’

அவள் புத்தகப்பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன். கொஞ்ச தூரம் நடந்தோம்.

‘கொளம் வந்துட்டா இங்கனயே நீச்சல் படிச்சுக்கிடலாம்ட்டி. சிநேகிதிகளும் வரட்டும்.’

‘நான் வரமாட்டேன்.’

‘ஏன்?’

‘தண்ணியப் பாத்தா காது அடைக்கும்மா. கெணத்துக்குள்ள அடைச்ச மாதிரி. நீ கொளம் கொளம்னு சொல்லுதப்பவே அடைக்கும்.’

‘பயம் போகத்தான படிக்கச் சொல்லுதேன்.’

‘யாரோட பயம்?’

கேட்டுவிட்டு ட்யூஷன் வீட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

அன்றைக்கே போய் கையெழுத்தைத் திரும்ப வாங்கியிருக்க வேண்டும். வாங்கினேனா? மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு வரமாட்டேன் என்கிறவள் குளம் வந்தால் வரமாட்டாளா? முத்துலட்சுமிக்கு வேறு மரம் கிடைக்காதா? பக்கெட் சத்தம் நின்றதும் கதவைத் தட்டுகிறவளுக்கு இப்படித்தானே நியாயம் தோன்றும்? அலுவலகத்தில் ஒரு ஃபைலில் கூட்டல் தப்பினால் நாலு முறை திருப்பிப் போடுகிறவள், பதினான்கு தலையை மட்டும் திரும்ப எண்ணப் போகவில்லை.

அப்படியே வியாழக்கிழமை வந்துவிட்டது.

மக்கள் கருத்தைக் கேட்கக் கவுன்சிலர்கள் கூட்டிய கூட்டம். செயலாளர் எங்கள் அறிக்கையை வாசித்தார். நல்ல குரல் அவருக்கு. ‘பன்னிரண்டு மணி நேரத்தில் பதினான்கே பேர்’ என்று நிறுத்தியபோது கைதட்டல்கூட விழுந்தது.

எங்கள் வார்டு கவுன்சிலர் ஒரு பெண். இந்தத் தடவைதான் எங்கள் வார்டைப் பெண்களுக்கென்று ஒதுக்கினார்கள். எந்தக் கூட்டத்திலும் அவர் வீட்டுக்காரர்தான் பேசுவார். அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு நகத்தைப் பார்க்கவில்லை. அறிக்கையைப் பார்த்தார்.

‘ஆடி மாசம்னு இருக்கு. ஆடியில எம்புட்டோ நாளு இருக்கே சார். எந்த நாளு?’

‘நாளு எதுவா இருந்தா என்னம்மா? பார்க்கு அதே பார்க்குதான’ என்றார் செயலாளர்.

‘நீ செத்த நேரம் சும்மா இரு’ என்றார் அந்த அம்மாளின் வீட்டுக்காரர்.

‘நீங்க செத்த நேரம் சும்மா இருங்க. ஓட்டு எனக்குத்தான் போட்டாக.’

மண்டபம் சிரித்து ஓய்ந்தது. அந்த அம்மாள் மறுபடியும் கேட்டார். ‘எந்த நாளு?’

செயலாளர் என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். நான் பேசாமல் இருந்திருந்தால், ‘ஞாபகம் இல்லை’ என்று யாராவது சொல்லி அது அப்படியே அமுங்கிப் போயிருக்கும். குளமும் வந்திருக்கும்.

எழுந்தேன்.

‘நானும் எண்ணினவதான். தேரன்னைக்கு எண்ணினோம்.’

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் எழுந்த சிரிப்பு இருக்கிறதே... வரவேற்பு வளைவில் கட்டிய வாழைமரம்கூட ஆடியிருக்கும். பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

‘தேரன்னைக்கு எங்க வீட்டு நாய்கூட ஊர்ல இல்லியேம்மா.’

நான் சிரிப்பு ஓயும்வரை நின்றேன். பிறகு நாலு மணிக்கு நான் பார்த்ததையும் சொன்னேன். பஞ்சு தட்டுவதை, குழாயடி வரிசையை, முகவூர் பஸ்ஸை. இப்போது யாரும் சிரிக்கவில்லை. அந்த அறிக்கையை எடுத்துக்கொள்ள முடியாது, நன்றாக விசாரித்துவிட்டுப் பார்க்கலாம் என்று கூட்டத்தை முடித்துவிட்டார்கள். மன்றத்தார், ‘நிலம் இல்லேன்னா குளமும் இல்ல’ என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்கள்.

உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்கிறார்களே, அவர்கள் எந்த ஊரில் இருந்து சொல்கிறார்கள்? மறுநாள் காலையில் பால் வாங்கப் போனபோது செயலாளரின் மனைவி எதிரே வந்தார். நின்றார்.

‘ஒங்க புள்ள பொழச்சு வந்துட்டா. நல்லா இருக்கட்டும். எங்க பயலுவ மூணு பேரும் இன்னும் கெணத்துலதான குதிக்கானுக.’

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு பூங்காவைக் காப்பாற்றியதாக இரண்டு பேர் எனக்குக் கை கொடுத்தார்கள். எனக்கு அந்த அம்மாள் திரும்பிப் போனபோது பார்த்த முதுகுதான் தெரிந்துகொண்டே இருக்கிறது. இந்த ஊருக்கு மரமும் வேண்டும், குளமும் வேண்டும். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க வேண்டும் என்று நம்மிடம் யார் சொன்னார்கள்? நாமும் ஏன் உடனே நம்பினோம்?

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் இதையெல்லாம் சொல்லிப் புலம்பினேன். அடுத்த மேஜை பேச்சியம்மாள் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள்.

‘இதுக்கா இம்புட்டுப் பாடுபட்டீங்கக்கா? ஞாயித்துக்கெழம எங்க ஊருக்கு வாங்க. எங்க பம்புசெட்டுத் தொட்டி நெஞ்சளவுதான். நாங்கள்லாம் அதுலதான் பழகினோம்.’

வத்திராயிருப்புக்காரி. வயலும் தென்னந்தோப்புமாக உள்ள குடும்பம். எட்டு வருஷமாக எனக்கு அடுத்த மேஜை. அவளுக்கு நீச்சல் தெரியுமா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோதையை அழைத்துக்கொண்டு போனேன். வருவதற்கே அவள் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள் — ‘நான் எறங்கமாட்டேன். பாக்கத்தான் வருவேன்.’ தொட்டிச் சுவரில் ஏறி, காலை மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். குழாயிலிருந்து தண்ணீர் தடதடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் உள்ளே இறங்கிக் கூப்பிட்டாள். கோதை அசையவில்லை.

‘பயமாத்தான் இருக்கும்ட்டி. எறங்கிட்டாப் போயிரும்’ என்றேன், வரப்பில் பத்திரமாக நின்றுகொண்டு.

‘நீ எறங்கு பாப்போம்.’

நானா? நாற்பத்தாறு வயது. நீச்சலும் தெரியாது, ஒன்றும் தெரியாது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். தண்ணீரா அது, மலையே கரைந்து வந்த மாதிரி ஒரு குளிர். பேச்சியம்மாள் என் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்து, ‘காலத் தூக்குங்கக்கா’ என்றாள். தூக்கினேன். மூழ்கினேன். மூக்கு, வாய், காது எல்லாம் தண்ணீர். இருமிக்கொண்டு எழுந்தால் —

‘அம்மா, சொவரப் பிடிச்சுக்கோ. அக்கா, அம்மாவுக்கு மூச்சு வாங்குது, கைய விட்டுராதீக. அம்மா, அந்தப் பக்கம் போகாத, வழுக்கும். போதும்மா, ஏறு. சொன்னாக் கேக்க மாட்டியா?’

சுவர் மேல் உட்கார்ந்திருந்தவள் எப்போது உள்ளே இறங்கினாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் திட்டிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் நின்று இப்படி ஒருத்தி பயப்பட்டுக்கொண்டே இருந்தால், யாரால்தான் நீந்த முடியும்?